வார்ஹோலின் ப்ளாப்பிகள்

1985 ஜூலை 23 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் தன் அமிகா கணினியை அறிமுகம் செய்தது. அந்த மேடையில் ஓவியர் ஆண்டி வார்ஹோல் மவுஸைப் பிடித்து, பாடகி டெபி ஹாரியின் படத்துக்கு வண்ணம் பூசினார். சும்மா விளம்பரம்தான். ஆனால் மனிதருக்கு அது பிடித்துப்போய், அமிகாவில் மேலும் சில படங்கள் வரைந்து ப்ளாப்பிகளில் சேமித்தார். 1987-ல் இறந்தும் போனார். ப்ளாப்பிகள் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

2011-ல் கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞர் அந்த மேடை நிகழ்ச்சியை யூட்யூபில் பார்த்து, மற்ற படங்கள் எங்கே என்று தேடக் கிளம்பினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினி மன்றத்தினர் உதவிக்கு வந்தார்கள்.

சிக்கல் இதுதான்: ப்ளாப்பி அதே மூன்றரை அங்குலம், பிசி டிரைவில் அழகாக நுழையும். ஆனால் அமிகா எழுதும் முறை வேறு என்பதால் பிசியின் கன்ட்ரோலருக்குத் தலைகால் புரியாது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் முடியாது, காந்தப் பூச்சு உரிந்தால் போச்சு. எனவே கிரையோஃப்ளக்ஸ் என்ற சிறிய யுஎஸ்பி பலகையைப் பயன்படுத்தினார்கள். அதற்குச் சாதாரண பிசி டிரைவே போதும். அது எதையும் புரிந்துகொள்ள முயலாது. காந்த மாற்றங்களுக்கு இடையிலான நேரத்தை மட்டும் அப்படியே பதிவு செய்யும். அர்த்தம் கண்டுபிடிப்பது பிறகு, நகலை வைத்து.

செலவு குறைவு, உழைப்புதான் அதிகம். கோப்புகள் யாருக்கும் தெரியாத வடிவத்தில் இருந்ததால் அதையும் உடைத்துப் படிக்க வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் முடிவை அறிவித்தபோது தேறியவை 28 படங்கள். அவற்றில் ஒரு கேம்பல்ஸ் சூப் டப்பா, மூன்று கண்களோடு ஒரு வீனஸ்.