நீலச் சில்லு

வாசலோர மண்ணில் குத்திவைக்கும் சோலார் விளக்கின் தலையைத் திருப்பிப் பார்த்தால், பிசின் பூச்சுக்கு அடியில் கருநீலத்தில் நான்கு கீற்றுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உச்சி வெயிலில் ஒரு கீற்று அரை வோல்ட் அழுத்தமும் சுமார் 60 மில்லியாம்பியர் மின்னோட்டமும் தரும். நான்கையும் தொடராக இணைத்தால் இரண்டு வோல்ட். விளக்கு இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. பிறகு எரியாது, குப்பைக்குப் போகும். கீற்றுகள் மட்டும் அப்போதும் நலமாகவே இருக்கும். அந்தக் கீற்றின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. கீறல் விட்டது, கழிக்கப்பட்டது, மிச்சம் என்று ஒதுக்கப்பட்டது ஆகியவற்றின் வழியாகத்தான் சூரிய மின்கலம் சாதாரண மனிதரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பிறப்பு குவார்ட்ஸ் கல்லில். கல்லோடு நிலக்கரியையும் மரக்கரியையும் சேர்த்து மின்வில் உலையில் 2000 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சினால், கல்லிலுள்ள ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் சாம்பல் நிறச் சிலிக்கான் 98, 99 சதவீதம் தூய்மையானது. அலுமினியக் கலவைக்கு அது போதும். வெயிலை மின்சாரமாக்கப் போதாது. எனவே அதை டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக்கி, காய்ச்சி வடித்து, மறுபடி திடப்பொருளாக்குகிறார்கள். பிறகு 1414 டிகிரியில் உருக்கி, ஒரு விதைப் படிகத்தின் நுனியால் தொட்டு, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்தால் ஒற்றைப் படிகத் தூண் எழும். 1916-ல் இந்த வழியைக் கண்டவர் போலந்து நாட்டவரான யான் சோக்ரால்ஸ்கி. மைக்கூடு என்று நினைத்து உருகிய வெள்ளீயத்தில் பேனாவைத் தோய்த்துவிட்டார், எடுத்தபோது உலோகம் இழையாக வந்தது என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

தூணை வைரத்துகள் பதித்த கம்பியால் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் அறுக்கிறார்கள். ஒரு பக்கத்தில் பாஸ்பரஸை ஊடுருவச் செய்கிறார்கள். அடியில் போரான் போன்ற தனிமம் ஏற்கெனவே கலந்திருக்கும்; இரண்டும் சந்திக்கும் எல்லையில் நிரந்தரமான ஒரு மின்புலம் உண்டாகிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரான்களை அந்தப் புலம் ஒரு பக்கமாகத் தள்ளும். மின்சாரம் கிடைப்பது இவ்வளவினால்தான். நீல நிறம், ஒளி தெறித்துப் போகாமலிருக்கப் பூசும் சிலிக்கான் நைட்ரைடு படலத்தால் வருவது. அதன்மேல் வெள்ளிப் பசையால் மெல்லிய கோடுகள் இழுத்துவிட்டால் மின்கலம் தயார். கையில் எடுத்தால் அப்பளம் போல நொறுங்கும்.

அந்த எல்லையை முதலில் பார்த்தவர் அதைத் தேடிப் போகவில்லை. 1940 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் ஒரு சிலிக்கான் துண்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். நடுவில் கீறல் விட்ட துண்டு. வேறொருவர் தூக்கி எறிந்திருப்பார். அதன்மேல் வெளிச்சம் பட்டபோது அளவுமானியின் முள் எதிர்பாராத அளவுக்கு நகர்ந்தது. சிலிக்கான் உறையும்போது அதிலிருந்த மாசுகள் கீறலின் இரு பக்கமும் வெவ்வேறாகப் பிரிந்துபோயிருந்தன. டிரான்சிஸ்டரும் எல்இடியும் சூரிய மின்கலமும் நிற்கும் அடித்தளம் அந்தக் கீறலில் கிடைத்தது.

1950-களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தில் டாரில் சாப்பினுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. ஈரப்பதம் மிகுந்த வெப்ப நாடுகளில் தொலைபேசிக் கருவிகளின் உலர் மின்கலங்கள் சீக்கிரம் கெட்டுப்போயின. அவர் செலினியத்தை முயன்றார். விழும் ஒளியில் ஒரு சதவீதம்கூட மின்சாரமாகவில்லை. சிலிக்கானோடு வேலை செய்துகொண்டிருந்த ஜெரால்ட் பியர்சனும் கால்வின் ஃபுல்லரும் கைகொடுத்தார்கள். 1954 ஏப்ரல் 25 அன்று மூவரும் உலகுக்குக் காட்டிய மின்கலத்தின் திறன் சுமார் 6 சதவீதம். அன்று அது சுழற்றிய முதல் பொருள் ஒரு பொம்மை ராட்டினம். சூரிய மின்சாரத்தின் பொது வாழ்க்கை ஒரு பொழுதுபோக்குப் பொருளோடு தொடங்கியதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

ஆனால் விலை? ஒரு வாட்டுக்கு 286 டாலர் ஆகும் என்று சாப்பினே கணக்கிட்டார். அந்த விலைக்கு ஏற்ற இடம் விண்வெளிதான். 1958 மார்ச் 17-ல் ஏவிய வான்கார்டு 1 செயற்கைக்கோளின் எடை 1.47 கிலோ. அதில் பேட்டரியால் இயங்கிய ஒலிபரப்பி அதே ஆண்டு ஜூனில் ஓய்ந்தது. சூரிய மின்கலங்களால் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. பேட்டரி செத்த பிறகும் தகடு உயிரோடிருக்கும் என்ற பாடத்தை, நம் தோட்ட விளக்கு கற்றுத்தருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்தச் சிறு கோளம் கற்றுத்தந்துவிட்டது.

சாப்பின் இன்னொன்றும் செய்தார். வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன என்பது என் வருத்தம். 1960-களின் தொடக்கத்தில் பெல் நிறுவனம் உயர்நிலைப் பள்ளிகளுக்காக வெளியிட்ட அறிவியல் சோதனைப் பெட்டிகளில் ஒன்றுக்கு அவர் கையேடு எழுதினார். கடையில் வாங்கிய தகட்டை வயரில் பொருத்தும் விளையாட்டு அல்ல அது. சிலிக்கான் வில்லையிலிருந்து தொடங்கி மாணவர்கள் தங்கள் கையாலேயே சூரிய மின்கலத்தைச் செய்து பார்க்கும் பாடம். கண்டுபிடித்தவரே பள்ளிப் பிள்ளைகளின் கையில் உருவாக்கும் முறையைக் கொடுத்த நிகழ்ச்சி வேறெத்தனை கருவிகளுக்கு வாய்த்தது?

விலை விழுந்தது மறுபடியும் கழிவால். 1970-களின் தொடக்கத்தில் எக்ஸான் நிறுவனத்தின் பணத்தில் ஆய்வு செய்த எலியட் பெர்மன், கணிப்பொறிச் சில்லு செய்பவர்கள் தரமில்லை என்று ஒதுக்கிய சிலிக்கான் வில்லைகளை வாங்கினார். சில்லுக்கு வேண்டிய தூய்மை வெயில் பிடிக்க வேண்டியதில்லை என்பது அவர் கண்ட உண்மை. வாட்டுக்கு 100 டாலராக இருந்த விலை 20-க்கு இறங்கியது. வாங்கியவர்கள் கடலில் எண்ணெய் எடுப்பவர்கள்; மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்கு. இந்தியாவில் மத்திய அரசு நிறுவனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ், சாஹிபாபாத்தில் நாட்டின் முதல் சூரிய மின்கலத்தை 1977-ல் உருவாக்கியது.

பிறகு கால்குலேட்டர் வந்தது. 1980-ல் ஜப்பானின் சான்யோ, படிகமாக அடுக்கப்படாத சிலிக்கானைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியவைத்து, கால்குலேட்டருக்கான மின்கலங்களைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. டியூப் லைட் வெளிச்சத்திலேயே வேலை செய்யும் அந்தப் பழுப்புப் பட்டைகள் மளிகைக்கடைக் கல்லா வரை போயின. உடைந்த கால்குலேட்டரைக் கழற்றும் பிள்ளைகளுக்கு முதல்முறையாக ஒரு சூரிய மின்கலம் சும்மா கிடைத்தது.

அதை வைத்து என்ன செய்வது? தருவது மைக்ரோஆம்பியர், மோட்டார் கேட்பதோ அதைப்போல ஆயிரம் மடங்கு. 1990-களில் கனடாவில் மார்க் டில்டன் தொடங்கிவைத்த பீம் ரோபோ இயக்கம் கண்ட விடை எனக்கு மிகப் பிடித்தமானது. சோலார் எஞ்சின் என்று பெயர். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், தானாக மினுக்கும் எல்இடி ஒன்று, பெரிய கபாசிட்டர் ஒன்று, பேஜரிலிருந்து கழற்றிய மோட்டார். துளித்துளியாக வரும் மின்சாரம் கபாசிட்டரில் சேர்கிறது. அழுத்தம் ஒரு வரம்பைத் தொட்டதும் மினுக்கு எல்இடி வழிவிட, சேர்ந்ததெல்லாம் ஒரே வீச்சில் மோட்டாருக்குப் பாயும். ரோபோ ஒரு விரற்கடை நகரும். நிற்கும். மீண்டும் சேர்க்கும். பேட்டரி இல்லை, நிரல் இல்லை. வெயில் ஏறினால் நடை வேகமாகும். மேகம் வந்தால் தயங்கும். கிடைப்பது கொஞ்சம் என்றால் சேர்த்துவைத்துச் செலவழி என்ற கொள்கைதான் இன்றுவரை சிறிய சோலார் கருவிகள் எல்லாவற்றின் உயிர்நாடி.

தோட்ட விளக்குக்குக் கீற்று எப்படி வந்தது? வீட்டுக் கூரைத் தகடுகளுக்காகச் செய்யும் உள்ளங்கையைவிடப் பெரிய மின்கலங்களை லேசரால் நறுக்குகிறார்கள். பல நேரங்களில் ஓரம் உடைந்ததும் தரத்தில் தேறாததும்தான் இந்த வெட்டுக்கு வருகின்றன. கீற்றுகளைத் தகரப் பூச்சிட்ட பட்டைக் கம்பியால் கோத்து, சின்ன அட்டையில் ஒட்டி, மேலே எபாக்சி பிசினை ஊற்றுகிறார்கள். விளக்கின் உள்ளே கியூஎக்ஸ்5252எஃப் போன்ற நான்கு கால் சில்லு ஒன்று, ஒரு கம்பிச்சுருள், 1.2 வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி. அவ்வளவே. வெள்ளை எல்இடி எரிய மூன்று வோல்ட் வேண்டும். கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைப் படபடவென்று வெட்டி வெட்டிவிட்டு அந்த அழுத்தத்தைச் சில்லு எழுப்பிக்கொள்கிறது. 1999 நவம்பரில் எவ்ரிடே பிராக்டிகல் எலெக்ட்ரானிக்ஸ் என்ற ஆங்கில இதழ் ஒற்றை டிரான்சிஸ்டரில் இதைச் செய்துகாட்டும் சுற்றை வெளியிட்டது. ஜூல் தீஃப் என்ற பெயரில் உலகெங்கும் பிள்ளைகள் அதைச் செய்து பார்க்கிறார்கள். இருட்டியதா என்று பார்க்கத் தனி உணரியும் கிடையாது. தகட்டின் அழுத்தம் விழுந்ததும் பொழுது சாய்ந்தது என்று சில்லு புரிந்துகொள்ளும். அதாவது கீற்று பகலில் சம்பாதிக்கிறது, மாலையில் காவல் பார்க்கிறது.

60 மில்லியாம்பியர் என்ற அளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளே இருப்பது 600 மில்லியாம்பியர்-மணி நிக்கல் பேட்டரி என்றால், பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் அது சார்ஜ் ஆகும். நிரம்பிய பிறகும் தொடர்ந்தால் பெரிய கேடு வராது. கட்டுப்படுத்தும் சுற்று தேவையில்லாமல் போவது இதனால்தான்.

விளக்கு அணைந்துபோகும் காரணங்கள் அநேகமாக மூன்று. பேட்டரி ஓய்ந்திருக்கும், மழைநீர் புகுந்து அதன் முனைகளில் பச்சை பூத்திருக்கும், அல்லது வெயிலின் புற ஊதாக் கதிரால் எபாக்சி மஞ்சளித்து மங்கியிருக்கும். கண்ணாடியாகத் தெரிய வேண்டியது புரை விழுந்த கண்போல ஆகிவிட்டதே என்று தகட்டைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. நுண்ணிய உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலானவை மீளும். மல்டிமீட்டரை வைத்து வெயிலில் அளந்தால், சுமை இல்லாதபோது கீற்றுக்கு 0.6 வோல்ட் வீதம் நான்குக்கு 2.4 காட்டும். காட்டினால் அது வேலைக்குத் தயார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று எண்ணுபவர்கள் ராஜஸ்தானின் திலோனியாவைப் பார்க்க வேண்டும். அங்குள்ள பேர்ஃபுட் காலேஜ், ஆப்பிரிக்க நாடுகள் உட்படப் பல நாடுகளின் கிராமங்களிலிருந்து வரும் நடுவயதுப் பெண்களுக்கும் பாட்டிகளுக்கும் சோலார் விளக்குச் சுற்றுகளைப் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்றுத்தந்திருக்கிறது. பொது மொழி இல்லை. ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளும் கைச்சாடையும்தான் பாடப்புத்தகம். ஆறு மாதத்தில் ஊர் திரும்பித் தங்கள் வீடுகளில் விளக்கேற்றினார்கள். சாலிடரிங் கம்பியைப் பிடித்துப் பார்க்காத எந்தப் பட்டதாரியையும்விட அவர்கள் இந்தக் கீற்றை நன்றாக அறிந்தவர்கள் என்பேன்.

இனி, கழித்த மூன்று விளக்குகளை வைத்து, லித்தியம் செல்லில் இயங்கும் ஒரு சிறிய வானிலை நிலையம் செய்யும் வேலை சொல்கிறேன். மூன்று தகடுகளையும் தொடராக இணைத்தால் பன்னிரண்டு கீற்று, ஆறு வோல்ட். இரண்டே போதாதா என்றால், போதாது. லித்தியம் செல் நிரம்ப 4.2 வோல்ட் வேண்டும். இரண்டு தகடு தருவது நான்கு. மேலும் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஒரு கீற்றின் அழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தகடு 65 டிகிரி ஏறினால், 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கில் பன்னிரண்டு கீற்றுக்குமாக ஏறத்தாழ ஒரு வோல்ட் போய்விடும். மீதி ஐந்து. அது போதும்.

சென்னை ரிச்சி தெருவில் எளிதில் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் பலகையை இடையில் வையுங்கள். அதிலுள்ள 1.2 கிலோ-ஓம் ரெசிஸ்டர் ஒரு ஆம்பியருக்கானது. நம் தகட்டுக்கு அது மிகை. அதைக் கழற்றி 10 கிலோ-ஓம் போட்டால் 130 மில்லியாம்பியரில் நிற்கும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து இன்னும் 1500 மில்லியாம்பியர்-மணி தாங்கும் ஒரு 18650 லித்தியம் செல், ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர், இஎஸ்பி32 என்ற வைஃபை நுண்கட்டுப்படுத்தி ஒன்று, வெப்பமும் ஈரப்பதமும் காற்றழுத்தமும் அளக்கும் ஒரு பிஎம்இ280 உணரி. வானிலை நிலையம் முடிந்தது.

இங்கும் டில்டனின் கொள்கைதான். வைஃபை இயங்கும்போது இஎஸ்பி32 சராசரியாக 80 மில்லியாம்பியர் குடிக்கும் என்று வையுங்கள். ஆழ்ந்து உறங்கினால் 10 மைக்ரோஆம்பியர். கால் மணிக்கு ஒருமுறை ஐந்து விநாடி விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு உறங்கினால் நாளொன்றுக்குச் செலவு சுமார் 11 மில்லியாம்பியர்-மணி. ஆனால் கடையில் வாங்கும் பலகையில் எப்போதும் எரியும் சிவப்பு எல்இடியும் யுஎஸ்பி சில்லும் சில்லின் உறக்கத்தைவிடப் பல நூறு மடங்கு தின்னும். அந்த எல்இடியைப் பெயர்த்தெடுங்கள். முடிந்தால் வெறும் மாட்யூலை வாங்கிச் சாலிடர் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது கெடுதல். தகடு வெயிலில் இருக்கட்டும். பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கட்டி, வயரை மட்டும் நீட்டுங்கள். தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி சராசரியாகக் கிடைக்கிறது. 60 மில்லியாம்பியர் வீதம் 300 வரும், செலவோ 11. ஐப்பசி மழையில் பத்து நாள் மூடாக்கு விழுந்தாலும், கணக்குப்படி நிரம்பிய செல் நூறு நாளைத் தாண்டும்.