தனுஷ்கோடி - அரிச்சல்முனை கடற்கரைப் பாதை

தனுஷ்கோடி - அரிச்சல்முனை கடற்கரைப் பாதை தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில் அமைந்துள்ளது. இதன் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். குறுகிய மணல்திட்டின் மீது செல்லும் இப்பாதையின் ஒருபுறம் வங்காள விரிகுடாவும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் உள்ளன.

வரலாறு

1914 ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்து தொடருந்தில் தனுஷ்கோடி வந்த பயணிகள், இங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னாரை அடைந்தனர். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் இந்நகர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் தொடருந்தைக் கடல் அடித்துச் சென்றது. அதிலிருந்த அனைவரும் இறந்தனர். அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. எனினும் மீனவக் குடும்பங்கள் சில இங்கு குடிசைகளில் வாழ்ந்து வருகின்றன.

அதன்பின் அரை நூற்றாண்டிற்கும் மேலாக இங்கு சாலை இல்லை. வந்தவர்கள் மணலில் நடந்தோ, வாடகை வேன்களிலோ சென்றனர். 2017 சூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது.

காணத்தக்கவை

தேவாலயம், தொடருந்து நிலையம் ஆகியவற்றின் இடிபாடுகள் தனுஷ்கோடியில் உள்ளன. அரிச்சல்முனைக்கு அப்பால் ஆதாம் பாலம் எனப்படும் இராமர் பாலத்தின் மணல்திட்டுகள் தலைமன்னார் நோக்கித் தொடர்கின்றன. வழியில் நிழல் குறைவு. நீரோட்டம் வலிமையானதால் முனையில் கடலில் இறங்குவது ஆபத்தானது.