மனைவி என்னும் சொல்லுக்காக ஒரு போர்

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி முதலிய நெசவூர்களின் கைத்தறித் தொழிலோடு தொடர்புடைய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் சென்னைத் தலைமையகம் 'தில்லையாடி வள்ளியம்மை மாளிகை' எனப் பெயர் தாங்கி நிற்கிறது. வள்ளியம்மை தம் சேலையைக் கிழித்துக் கொடியாக்கினார் என்னும் கதையே மேடைகளில் மிகுதியும் சொல்லப்படுகிறது. அப்போராட்டத்திற்குப் பெண்களை அழைத்து வந்த வழக்கு எதுவென்பதோ பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்கா சென்றோரில் தமிழர் பெருந்தொகையினர். அவர்களுடைய திருமணங்கள் சுற்றத்தார் முன்னிலையில் தாலிகட்டி முடிந்தவை. அரசுப் பதிவேட்டில் ஏறாதவை. அரை நூற்றாண்டுக் காலம் அதனால் பெருங்கேடு எதுவும் நேரவில்லை.

கேடு 1913 மார்ச் 14 அன்று வந்தது. ஹசன் ஈசப் என்பவர், இந்தியாவில் இசுலாமிய முறைப்படி மணந்த தம் மனைவி பாய் மரியத்தைத் தம்மோடு வாழ அழைத்துவர முயன்றார். அதிகாரிகள் மறுத்தனர், வழக்கு கேப் உயர்நீதிமன்றம் சென்றது. பலதார மணத்தை ஏற்கும் சமயத்தின்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் முன் திருமணமாகாது என நீதிபதி சேர்ல் தீர்ப்பளித்தார். வழக்கு ஒருவருடையது, அடி விழுந்ததோ அனைவர்க்கும். இந்து, இசுலாமிய, பார்சி இல்லங்களின் மனைவியர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டியராயினர்; அவர்தம் மக்கள் வாரிசுரிமை இழக்கும் நிலை எழுந்தது. இதிலொரு முரண் உண்டு. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கியோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த மூன்று பவுன் தலைவரி பெண்ணுக்கும் தனியே உண்டு. வரி கேட்கையில் ஆளாக எண்ணப்பட்டவள், கணவனோடு கரையிறங்குகையில் மனைவியாக எண்ணப்படவில்லை.

அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிய காந்தியடிகள் இப்போது அவர்களை அழைத்தார். டால்சுடாய் பண்ணையில் முன்பு வாழ்ந்திருந்த பதினொரு பெண்கள் முன்வந்தனர். ஒருவர் நீங்கலாக அனைவரும் தமிழர். சிலர் கைக்குழந்தையோடு வந்தனர். வெரினிகிங்கில் அனுமதிச் சீட்டின்றி எல்லை கடந்தனர். எவரும் கைது செய்யவில்லை. உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றனர், காவலர் கண்டுகொள்ளவில்லை. பிறகு நேட்டாலுள் புகுந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் தலைவரிக் கொடுமையை எடுத்துரைத்தனர். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்ட பின்னரே அரசுக்கு இப்பெண்கள் கண்ணிற்பட்டனர். அக்டோபரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் பலவும் இவர்களை இன்னாரின் மனைவி என்றே குறித்துச் செல்கின்றன. எந்த உறவுநிலையை நிலைநாட்டச் சிறை சென்றனரோ, அதுவே அவர்களின் சொந்தப் பெயரை மறைத்துவிட்டது.

பின்னர்ச் சிறை புகுந்த இளம்பெண்ணே வள்ளியம்மை; சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். அவ்வாண்டே நிறைவேறிய இந்தியர் துயர்நீக்கச் சட்டம் தலைவரியை நீக்கியது. ஒருதார மணமாயின் இந்தியச் சமயமுறைத் திருமணத்தைப் பதிவு செய்யவும், ஒரு மனைவியையும் இளம்பிள்ளைகளையும் அழைத்துவரவும் அது வழிவிட்டது. ஒன்று என்னும் அவ்வரம்பு, சட்டம் ஒப்பிய அளவேயன்றிச் சமயங்கள் ஒப்பிய அளவன்று.

அவ்வழியும் நிலைக்கவில்லை. நிறவெறி ஆட்சியின் 1953ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அதன்பின் இந்தியாவில் மணந்த பெண்ணை மனைவியாக அழைத்துவரும் வாயிலையே அடைத்தது.