துள்ளலை அடக்கிய எண்ணெய்

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, உடல் எடையைக் கொடுத்துக் கைப்பிடியை ஒரு முறை அழுத்தி விடுங்கள். வண்டியின் முன்பகுதி கீழே இறங்கும், மேலே எழும், அதோடு நின்றுவிடும். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அது 'நின்றுவிடும்' என்பதுதான் வியப்பு. சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு அலைவு நேரம் கண்ட மாணவருக்குத் தெரியும்: இழுத்து விட்ட எடை இருபது முப்பது முறை மேலும் கீழும் ஆடிய பிறகும் ஓய்வதில்லை. வண்டியின் முன்சக்கரத்துக்கு மேலே இருப்பதும் சுருள்வில்தான். அது மட்டும் ஏன் ஒரே அலைவில் அடங்கிவிடுகிறது? இதற்குச் சரியான வழியைக் கண்டு விற்பனைக்குக் கொண்டுவர மோட்டார் சைக்கிள் உலகத்துக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1885-ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிய வண்டியில், பட்டை போட்ட மரச்சக்கரங்கள்தாம் இருந்தன. முன்சக்கரத்துக்கும் வில் இல்லை, பின்சக்கரத்துக்கும் இல்லை. சாலையின் ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவரின் முதுகெலும்பைத் தேடி வந்திருக்கும். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயர் ஓரளவு ஆறுதல் தந்தது. ஆனால் டயருக்குள் இருக்கும் காற்று சிறு கற்களைத்தான் விழுங்கும், பள்ளத்தை விழுங்காது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்கள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் மாட்டுவண்டிகளிலும் லாரிகளிலும் நாம் காணும் பட்டை வில்லை முன்சக்கரத்துக்கு மேல் பொருத்தியது. 1913-ல் பின்சக்கரத்துக்கும் பொருத்தியது. இங்கிலாந்தில் இணைகர வடிவில் நான்கு சிறு கைகள் தாங்கும் சட்டமும், அதன் நடுவில் ஒரு சுருள்வில்லுமாக 'கர்டர்' ஃபோர்க் பரவியது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஸ்காட் 1908-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியில், ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் வழுக்கிச் செல்லும் ஃபோர்க்கே இருந்தது. இன்றைய தொலைநோக்கி வகை ஃபோர்க்கின் உருவம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் உள்ளே எண்ணெயால் இயங்கும் தணிப்பான் இல்லை.

அந்தக் குறை ஏன் பெரிது? வில் ஆற்றலை அழிப்பதில்லை; கடனாக வாங்கி வைத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறது. மேட்டில் ஏறியபோது சுருங்கிய வில், மேடு கடந்ததும் வண்டியைத் தூக்கி எறிகிறது. சக்கரம் தரையில் அழுந்துவது குறைகிறது. சில நேரம் தரையை விட்டே எழும்புகிறது. எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. வில்லமைப்பு உட்காருபவரின் சுகத்துக்காக என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அதன் முதல் வேலை, டயரைத் தரையோடு பிடித்து வைப்பது.

ஒரு சிறு கணக்கு. வண்டியின் இயற்கை அதிர்வெண் வினாடிக்கு 2 என்று கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 10 மீட்டர். சாலையில் 5 மீட்டருக்கு ஒரு மேடு இருந்தால், சக்கரம் வினாடிக்கு 2 முறை தூக்கப்படும். இரண்டும் பொருந்திவிட்டன, ஒத்ததிர்வு! ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, ஒவ்வொரு மேடும் துள்ளலை வளர்க்கும். அதைத் தின்றுவிட ஏதாவது ஒன்று வேண்டும்.

முதலில் உராய்வை நாடினார்கள். கர்டர் ஃபோர்க்கின் மூட்டில் இரும்புத் தகடுகளுக்கிடையே நார்ப்பொருளால் ஆன வட்டுகளை வைத்து, ஒரு குமிழைத் திருகி இறுக்கினார்கள். ஓட்டுபவர் தம் விருப்பப்படி இறுக்கலாம், தளர்த்தலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலர் உராய்வின் குணம் உங்களுக்குத் தெரியும். நிலை உராய்வு பெரிது. நகரத் தொடங்கியதும் உராய்வு குறையும். அதன் பின் வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறுவதில்லை. விளைவு என்ன? சிறு மேடுகளில் மூட்டு அசையவே அசையாது. வில் இல்லாத வண்டிபோல உலுக்கும். பெரும் பள்ளத்தில் தடை போதாமல் துள்ளும். வேண்டாத இடத்தில் பிடிவாதம், வேண்டிய இடத்தில் தளர்ச்சி.

எண்ணெயின் குணம் இதற்கு நேர்மாறானது. தண்ணீர் நிரப்பிய பீச்சாங்குழலை மெல்ல அழுத்திப் பாருங்கள். விரலுக்குச் சிரமமே இல்லை. வேகமாக அழுத்துங்கள், கை வலிக்கும். சிறு துளை வழியே செல்லும் பாய்மம், வேகம் கூடக் கூடத் தடையையும் கூட்டுகிறது. மெல்லிய அசைவுக்கு வழி விடுகிறது. மூர்க்கமான துள்ளலை எதிர்க்கிறது. துள்ளலின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறிக் கரைகிறது.

1935-ல் மியூனிக் நகரின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 12, ஆர் 17 என்ற இரு வண்டிகளை வெளியிட்டது. விற்பனைக்கு வந்த வண்டிகளில் எண்ணெய்த் தணிப்புடன் கூடிய தொலைநோக்கி ஃபோர்க்கை முதலில் பெற்றவை இவையே. வேடிக்கை என்னவென்றால், ஆர் 12-ன் பின்சக்கரத்துக்கு வில்லே கிடையாது! முன்னால் புதிய யுகம், பின்னால் டைம்லரின் காலம்.

போர் வந்தது. 1941-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கான மேட்ச்லெஸ் ஜி3/எல் வண்டி இதே கொள்கையில் அமைந்த ஃபோர்க்குடன் வந்தது. போருக்குப் பின் கர்டர் ஃபோர்க் விரைவில் மறைந்தது. ஹார்லி டேவிட்சன் தன் பெரிய வண்டிகளில் 1949-ல்தான் எண்ணெய் ஃபோர்க்குக்கு மாறியது. அதே 1949-ல் ராயல் என்ஃபீல்டு புல்லட், முன்னால் தொலைநோக்கி ஃபோர்க்கும் பின்னால் ஊசலாடும் கையும் கொண்டு விற்பனைக்கு வந்தது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டுச் சென்னையில் புல்லட் தயாரானது. நம் ஊர்ப் பட்டறைகள் இந்த வகை ஃபோர்க்கை நன்கு பழகிக்கொண்டது அதன் வழியாகத்தான் என்பது என் கருத்து.

இதற்கும் குறை உண்டு. முன்பிரேக் பிடித்தால் எடை முன்னே சாய்ந்து, ஃபோர்க் அமுங்கிவிடுகிறது. பள்ளத்துக்காக வைத்திருந்த இடம் பிரேக்கிலேயே செலவாகிறது. இதைக் குறைக்க 1993-ல் பி.எம்.டபிள்யூ. நிறுவனமே வில்லையும் தணிப்பானையும் குழாய்களிலிருந்து வெளியே எடுத்துத் தனியே வைத்தது. ஆயினும் பெரும்பாலான வண்டிகளில் பழைய முறையே நிலைத்திருக்கிறது.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். ஒரு அளவுகோலும் இரண்டு நண்பர்களும் போதும். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் பளபளக்கும் குழாய் எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஒருவர் பிடித்துக்கொள்ள, வழக்கமாக ஓட்டும் நிலையில் அமருங்கள். மற்றவர் முன்பகுதியை அழுத்தி மெல்ல விட்டு ஒரு முறையும், தூக்கி மெல்ல விட்டு ஒரு முறையும் அளக்கட்டும். இவ்விரண்டும் ஒன்றாக இரா. அந்த வேறுபாடே குழாய்க்குள் இருக்கும் உராய்வின் அளவு. அது வரவரக் கூடினால் குழாய் வளைந்திருக்கலாம், அல்லது உள்ளே தேய்மானம் இருக்கலாம். இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் கிடைப்பது, உங்கள் எடைக்கு வண்டி தாழும் அளவு. ஃபோர்க்கின் மொத்த ஓட்டத்தில் இது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது நல்லது. ஓட்டம் 120 மில்லிமீட்டர் என்றால் 30 முதல் 40 வரை. ஏன் தாழவே கூடாது என்று இருக்கக் கூடாது? பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கிச் சென்று தரையைத் தொட வேண்டாமா? அதற்கான இடம்தான் இது.

வண்டி மிகவும் தாழ்ந்தால், வில்லின் முன்னிறுக்கத்தைக் கூட்டுவார்கள். இதனால் வில் கடினமாகிவிடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஹூக் விதியை நினைவுகூருங்கள். வில்லின் மாறிலி கம்பியின் பருமனையும் சுற்றுகளின் அளவையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. நாம் திருகும் திருகைப் பொறுத்தது அன்று. முன்னிறுக்கம் வண்டியின் உயரத்தை மாற்றுகிறது, அவ்வளவே.

எண்ணெய்க்குச் சாவு உண்டு. தேய்ந்த உலோகத் தூளும் ஈரமும் கலந்து அது கறுத்துப்போகும், நீர்த்துப்போகும். அழுத்தி விட்ட கைப்பிடி ஒரே அலைவில் நிற்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால், எண்ணெயைப் பாருங்கள். கையேடு சொல்லும் தரத்தில், சொல்லும் அளவில், இரு கால்களிலும் சமமாக ஊற்ற வேண்டும். அளவு ஏன் முக்கியம்? எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு வில்தான். அதன் பருமன் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் அழுத்தம் மூன்று மடங்காகும் என்பது பாயில் விதி. எண்ணெய் மிகுந்தால் காற்றுக்கு இடம் குறைந்து, ஃபோர்க் பாதி வழியிலேயே முரண்டு பிடிக்கும். மேல்மூடியைக் கழற்றுமுன் வண்டியை முட்டுக்கொடுத்து முன்சக்கரத்தின் பாரத்தை நீக்கிவிடுங்கள். மூடிக்குக் கீழே அழுந்திய வில் இருக்கிறது, முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள்.

குழாயின் மேல் ஒட்டிய மண்ணை அன்றாடம் மெல்லிய துணியால் துடைப்பது பெரிய வேலையன்று. அந்த மண்தான் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையத்தை, அதாவது ஆயில் சீலை, அரம்போல் அறுக்கிறது. குழாயில் எண்ணெய் வளையம் தென்பட்டால் சீல் போய்விட்டது என்று பொருள். கசியும் எண்ணெய் கால் வழியே இறங்கினால், அது சேருமிடம் முன்பிரேக். எண்ணெய் ஊறிய பிரேக் கட்டையைத் துடைத்துப் பயன்படுத்த முயல வேண்டாம். சீலோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுங்கள்.