கான்டெஸ்ஸாவும் ஸ்டாண்டர்டு 2000 காரும்

வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த 1980களில், இந்தியாவில் சொகுசுக் கார் என்ற பெயரோடு இரண்டு உள்நாட்டு வண்டிகள் வெளிவந்தன. ஒன்று, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் தொடங்கிய கான்டெஸ்ஸா. மற்றொன்று, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000. பழைய கார் சேகரிப்போர் இன்று இரண்டையும் தேடுகின்றனர். தோற்றத்தில் சென்னைக் காரே அழகு. ஆனால் ஓட்டுவதற்கு உகந்தது கான்டெஸ்ஸாதான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எஞ்சின்.

ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களையும், பின்னர் 1977 வரை கெசல் கார்களையும் சென்னையில் தயாரித்தது. அதன்பின் பல ஆண்டுகள் வேன்களோடு நின்றது. மீண்டும் கார் சந்தைக்கு வர அது தேர்ந்தெடுத்தது பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. டேவிட் பேச் வடிவமைத்த அந்தக் கார் ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த கார் விருதைப் பெற்றது. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. சென்னையிலோ, பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு வழிவந்த 1991 சிசி நான்கு உருளை எஞ்சினைப் பொருத்தினர். அதே எஞ்சின் குடும்பம்தான் பெர்குசன் டிராக்டரையும் இழுத்தது! கனமான உடலுக்குச் சுமார் 83 குதிரைத்திறன் போதவில்லை. பெட்ரோலையும் அதிகம் குடித்தது. 1988இல் உற்பத்தி நின்றது.

கான்டெஸ்ஸாவும் இதே தவற்றோடுதான் பிறந்தது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரின் உடலுக்குள் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினை வைத்தனர். ஏறத்தாழ 50 குதிரைத்திறனில் அது திணறியது. ஆனால் 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசூ நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. திறன் சுமார் 88 ஆயிற்று. ஜப்பானியக் காரை வாங்க முடியாதவர்களுக்கு அதன் இதயமாவது கிடைத்தது எனலாம். பின்னர் இசுசூ டீசல் எஞ்சினும் சேர்ந்தது. கான்டெஸ்ஸா 2002 வரை நீடித்தது.

சேகரிப்போர் பார்வையில், குறுகிய காலமே தயாரான ஸ்டாண்டர்டு 2000தான் அரியது. அதன் கண்ணாடி, உடல் தகடு போன்றவற்றை ரோவர் எஸ்டி1 உரிமையாளர்களிடமிருந்து பெறும் வழியும் உண்டு. ஆனால் அன்றாடம் ஓட்ட விரும்புவோருக்கு இசுசூ பெட்ரோல் எஞ்சின் கொண்ட கான்டெஸ்ஸாவே ஏற்றது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது எஞ்சின் மாற்றம். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேலான, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களே பழம்பெரும் வாகனமாகப் பதிவாகும். முதல் கான்டெஸ்ஸாவுக்கே அந்தத் தகுதி 2034இல்தான் வரும். அதுவரை சாதாரண வண்டியைப் போலத் தகுதிச் சோதனைக்குக் கொண்டு சென்று பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வேறு எஞ்சின் ஏற்றிய வண்டி அந்தப் பதிவை இழக்க நேரிடும். எனவே விலை பேசுமுன் ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.