பெரட்டுக்களத்துப் பெண்கள்

செம்பாக்கத்தில் காலை ஆறரை மணிக்கு வேளச்சேரி மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். என்.சி.சி. சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள் பூட்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர், "இந்தக் காலத்துப் பொண்ணுங்க துப்பாக்கியே தூக்குதுங்க சார்" என்றார்.

இந்தக் காலமா? கொஞ்சம் பின்னால் போவோம், வாருங்கள்.

1943 ஜூலை. சிங்கப்பூருக்கு வந்திறங்கிய நேதாஜி, பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்கிறார். பெயர் ஜான்சி ராணி படை. கேட்டவர்கள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? ஆனால் சில நாட்களிலேயே, ஜூலை 12 அன்று, புடவை கட்டிய இருபது பெண்கள் ரைபிளோடு நின்று அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அவர்களைத் திரட்டியவர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த டாக்டர் லட்சுமி. அப்புறம் கேப்டன் லட்சுமி.

அக்டோபரில் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நிறையப் பேர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! விடியுமுன் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிட, பால்மரம் வெட்டப் போனவர்கள். அதே வேலைக்கு ஆணைவிடக் கூலி குறைவு. (பி.காம். படித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது இந்தக் கணக்குதான்.) இப்போது முடியைக் கத்தரித்துக்கொண்டு, காக்கி மாட்டிக்கொண்டு, ஹிந்துஸ்தானிக் கட்டளைக்கு லெஃப்ட்-ரைட் போட்டார்கள். ராத்திரியில் காவல் நின்றார்கள். அதிகாரியும் பெண்தான், அதைக் கவனியுங்கள்.

கோலாலம்பூரில் ஜானகி தேவர் என்ற வசதியான வீட்டுப் பெண், சின்ன வயதுதான், போட்டிருந்த நகைகளைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். படையில் சேரப் போகிறேன் என்றதும் அப்பா குதித்தார். பிறகு சம்மதித்தார்.

சண்டை போட்டார்களா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பர்மா வரை போனார்கள். இம்பால் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. மேம்யோவில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டார்கள். துப்பாக்கி பழகியவர்கள் கையில் மறுபடி பஞ்சும் மருந்தும்! அந்த ஆத்திரம் அவர்களுக்கு இருந்திருக்காதா? 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்குப் பயந்து ராத்திரிகளில் நடந்தார்கள். அந்தப் பெண்களை வழிநடத்தியவர் ஜானகி. கூடவே நேதாஜியும் நடந்தார்.

லட்சுமியை உங்களுக்குத் தெரியும். 2002 ஜனாதிபதித் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றவர். ஜானகி 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதில் இருந்தார். 2000-த்தில் பத்மஸ்ரீ. இந்திய ராணுவம், மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க ஆரம்பித்தது 1992-ல்தான். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் நம்ம பரங்கிமலை.

தோட்டத்துப் பெண்கள்? காக்கியை அவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது பழைய பால்வாளியும் உளியும்தான். விடிகாலையில் மறுபடி அதே பெரட்டுக்களம். கங்காணி பெயர் கூப்பிட்டபோது, ஒருத்தியாவது பழக்க தோஷத்தில் அட்டென்ஷனில் நின்றிருப்பாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.