சோறா, உரிமையா?

உதவியில் இரண்டு வகை உண்டு. பசித்தவனுக்குச் சோறு போடுவது ஒன்று. அவனுடைய சம்பளம் ஏன் அவன் கைக்கு வரவில்லை என்று கேட்பது இன்னொன்று. முதலாவதற்கு மாலை விழும். இரண்டாவதற்குச் சில வேளைகளில் வழக்கு வரும். இதற்கு மலேசியாவின் சாட்சி ஐரின் பெர்னாண்டஸ்.

1946இல் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். தந்தையார் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். ஐரின் ஆசிரியைப் பணியை விட்டுவிட்டு, இளந்தொழிலாளர்களை ஒன்றுதிரட்டப் புறப்பட்டார். பயனீட்டாளர், மகளிர் இயக்கங்களிலும் உழைத்தபின் 1991இல் தெனாகனித்தா அமைப்பை நிறுவினார்.

தோட்டங்களில் மருந்தடித்த பெண்களை அவ்வமைப்பு நாடிச் சென்றது. அவர்களில் பலர் நம் தமிழ்ப் பெண்கள். தோல் அரிப்புக்குக் களிம்பு கொடுப்பது தர்மம். என்ன நஞ்சைத் தெளிக்கிறோம் என்று அப்பெண்ணுக்குச் சொன்னீர்களா எனத் தோட்ட நிர்வாகத்தைக் கேட்பது உரிமை. தெனாகனித்தா எதிர்த்த பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2002இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020இல்தான் அமலானது.

அந்நியத் தொழிலாளர்களிடையே எய்ட்ஸ் பற்றி ஆராயச் சென்றபோது, தடுப்பு முகாம்களின் நிலை தெரியவந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் விவரம் கேட்டு, 1995இல் ஒரு மகஜர் வெளியிட்டார் ஐரின். அடி உதை, போதாத உணவு, பெரிபெரி நோய், மரணங்கள் எல்லாம் அதில் இருந்தன. பெரிபெரி, உணவில் வைட்டமின் பி1 குறைவதால் வரும் நோய். சரியான உணவிருந்தால் தவிர்த்துவிடலாம்.

1996இல், தீய நோக்கத்துடன் பொய்ச் செய்தி வெளியிட்டதாக அவர்மீதே வழக்குத் தொடுக்கப்பட்டது. ஏழாண்டு விசாரணைக்குப் பின் 2003இல் 12 மாதச் சிறைத் தண்டனை. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 2005இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது அவரைத் தேடி வந்தது. 2008 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கைச் சுமந்துகொண்டே பணியைத் தொடர்ந்தார். 2014 மார்ச் 31இல் காலமானார்.

இப்பணிக்கு வர விரும்பும் இளையோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே இரக்கம் மட்டும் போதாது. சட்டம் தெரிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கேட்டு, பிசகாமல் பதிவு செய்யத் தெரிய வேண்டும். பலன் வரக் காலமாகும் என்ற பொறுமையும் வேண்டும்.

நம் தாத்தா பாட்டிகளும் ஒரு காலத்தில் இந்நாட்டுக்கு அந்நியத் தொழிலாளர்களாக வந்தவர்களே. இன்று நம் உணவகத்தில் தட்டெடுக்கும் தொழிலாளியின் கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்க நமக்குத் துணிவு உண்டா?